எங்கப்பாவுக்கு ஜாப் இல்ல மிஸ்

போன வாரம் பள்ளிக்கூடத்தில் ‘ஜாப்’ என்ற சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. சாயங்காலம் எங்கள் வீட்டு முன்அறையில் டியூஷனுக்கு வந்து உட்காரும் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. நோட்டை நீட்டினாள். ‘மை ஃபாதர் இஸ் எ டாக்டர். ஹி லைக்ஸ் ஹிஸ் ஜாப்.’ அடுத்த வரியில் மாமா இன்ஜினியர். அதற்கடுத்ததில் அத்தை பேங்கில் இருந்தார். அப்படியே கைடில் இருப்பது.

அவள் அப்பாவை எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் கொலுசுப் பட்டறையில் வளையங்களை நெருப்பில் ஒட்டுகிற, அதாவது பத்தவைக்கிற வேலை. “இதெல்லாம் யாரோட அப்பா? உங்கப்பாவ வெச்சு ஒண்ணு எழுதேன்” என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள். ‘மை ஃபாதர் ஹேஸ் நோ ஜாப். ஹி இஸ் கூலி.’

இலக்கணப்படி முதல் வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அதைத் திருத்த என் சிவப்புப் பேனா எழவில்லை.

“ஏம்மா, உங்கப்பா காலைல எட்டு மணிக்குப் போயி ராத்திரிதான வர்றாரு?”

“ஆமாங்க மிஸ். ஆனா அது ஜாப் இல்லீங்க மிஸ். எங்கப்பாவுக்கு ஜாப் இல்ல. கூலி வேலைதான்.”

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன். சேலத்தில் இங்கிலீஷ் சொல்லித்தரும் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் நான் பார்த்த சின்னச் சொற்களில் ஒன்று ஜாப். மூன்றே எழுத்து. அதைச் சொல்லிக்கொடுக்கிற விதத்தில் பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டையே மட்டம் தட்டிவிடுகிறோம். பிள்ளை அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்கிறது. கூடவே, தன் வீட்டில் அது கிடையாது என்பதையும் கற்றுக்கொள்கிறது.

நானும் ஒரு கொலுசுக்காரர் மகள்தான். சிவதாபுரம். இரும்பாலைக்கும் எங்களுக்கும் தூரம் அதிகமில்லை. 1981இல் அங்கே உற்பத்தி தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்தில் உலகம் இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று அம்மா சொல்லும். இரும்பாலையில் இருப்பவர் ‘டூட்டி’க்குப் போவார். எங்கப்பா ‘பட்டறை’க்குப் போவார். ‘டூட்டி’ என்று சொல்லும்போதே ஒரு நிமிர்வு. யூனிஃபார்ம், ஷிஃப்ட், மாதம் பிறந்தால் சம்பளம், பிஎஃப். கல்யாணப் பேச்சிலும் அதற்கு ஒரு தனி மரியாதை. பட்டறை என்று சொன்னால் அடுத்த கேள்வி கிடையாது, பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அப்பா செய்த வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். வியாபாரி எடைபோட்டு வெள்ளி கொடுப்பார். உருக்கி, கம்பி இழுத்து, அச்சில் அடித்து, வளையம் வளையமாகக் கோத்து வருவதை அப்பா முன்னால் வைப்பார்கள். இணைப்பு ஒவ்வொன்றிலும் வெங்காரமும் பொடியும் தொட்டு வைத்து நெருப்பைக் காட்ட வேண்டும். ஒரு கணம் முந்தினால் பொடி ஓடாது. ஒரு கணம் பிந்தினால் வெள்ளியே உருகி மணியாகிவிடும். அந்தக் கணத்தை அப்பா நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ‘செம்மி வரும்போது எடுத்துரணும் கண்ணு’ என்பார். அந்தச் செம்மை எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வேலை முடிந்ததும் மறுபடி தராசு. கொடுத்த எடை, திரும்பி வந்த எடை, சேதாரம் கழித்துக் கணக்கு. அனுமதித்த சேதாரத்துக்கு மேல் போனால் அப்பா கூலியில் பிடிப்பார்கள். அதனால் இருட்டிய பிறகு பட்டறைத் தரையைப் பெருக்கிய மண்ணைக்கூட எடுத்து வைப்பார்கள், அதிலும் வெள்ளித்தூள் இருக்கும் என்று. அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் ரேகை கிடையாது.

இதற்கு ‘நோ ஜாப்’ என்று பெயர்.

இப்போது அந்தச் சொல்லின் கதைக்கு வருகிறேன். இது தெரிந்த நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஜாப்’ என்ற சொல் எழுத்தில் தலைகாட்டுவது 1550களில். அப்போது அது தனியாக வரவில்லை, ‘ஜாப் ஆஃப் ஒர்க்’ என்றுதான் வந்தது. அர்த்தம், துண்டு வேலை. நாள் தவறாமல் தொடர்ந்து பார்க்கும் வேலையிலிருந்து பிரித்துக் காட்ட, எடுத்து முடித்துக் கொடுக்கிற ஒரு தனி வேலைக்கு அந்தப் பெயர். சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை என்ற பொருள் அடுத்த நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. நிரந்தரம், நாற்காலி, அடையாள அட்டை எல்லாம் அதற்கும் வெகுகாலம் கழித்து வந்து சேர்ந்தவை. அப்படியென்றால் அந்தச் சொல் பிறந்தபோது யாருக்குச் சொந்தம்? பீஸ் கணக்கில், கிலோ கணக்கில் எடுத்துச் செய்து கொடுத்தவனுக்கு. செவ்வாய்ப்பேட்டையில், பனங்காட்டில், சிவதாபுரத்தில் பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருப்பவருக்கு.

அந்தப் பழைய பொருள் எங்கேயும் போய்விடவில்லை, நம் ஊரிலேயே உயிரோடு இருக்கிறது. இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி, தாரமங்கலம் பக்கம் தறிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. அதற்கு அவர்கள் சொல்வது ‘ஜாப் ஒர்க்’. இங்கிலீஷே தெரியாத தாத்தாவும் அதைத்தான் சொல்வார். 2017ஆம் வருட மத்திய ஜிஎஸ்டி சட்டத்திலும் அது இருக்கிறது, பிரிவு 2, உட்பிரிவு 68. பதிவு பெற்ற ஒருவருக்குச் சொந்தமான பொருளை வாங்கி இன்னொருவர் அதில் வேலை செய்து கொடுத்தால், சட்டத்தில் அதற்குப் பெயர் ஜாப் ஒர்க். இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் என் அப்பா செய்ததை ‘ஜாப்’ என்று சொல்லி எழுதி வைத்திருக்கிறது. எட்டாம் வகுப்பு கைடு மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது.

அந்தப் பிள்ளை எழுதிய இரண்டாவது வாக்கியம் எனக்கு இன்னும் வலித்தது. ‘ஹி இஸ் கூலி.’ தமிழில் கூலி என்றால் பணம். செய்த வேலைக்குக் கைக்கு வரும் பணம். செய்கூலி என்கிறோம், வண்டிக் கூலி என்கிறோம். ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் கூலிக்காரர் என்போம், கூலியாள் என்போம். பணம் வேறு, ஆள் வேறு. ஆங்கிலத்துக்குப் போன ‘கூலி’ ஆளையே குறிக்கும் சொல்லாகிவிட்டது. அது தமிழிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து போனதா என்று அகராதிக்காரர்கள் இரண்டையும் சொல்வார்கள். எங்கிருந்து போயிருந்தாலும் சரி, தோட்டங்களுக்கும் கடல் கடந்த தீவுகளுக்கும் ஒப்பந்தம் போட்டு ஆள் அனுப்பிய காலத்தில் அது வசைச்சொல்லாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் காந்தியையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். வழக்கறிஞரானாலும் கூலிதான் என்று அர்த்தம். இன்றைய ஆங்கில அகராதிகள் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘புண்படுத்தும் சொல்’ என்று குறிப்பு போடுகின்றன. பதிமூன்று வயதுப் பிள்ளை அது தெரியாமல் தன் அப்பாவுக்கு அந்தச் சொல்லைப் போடுகிறாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவர்கள் நாம்.

ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் இரண்டு வருடம் என்னிடம் படித்தான். கீழே ஹாஸ்டலில் தங்கி காலேஜ் போனவன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்த கதையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்றால் மட்டும் ‘எஸ்டேட் கூலி’ என்பான், குரலைத் தாழ்த்திக்கொண்டு. காப்பிப் பழம் ஒரே நாளில் பழுத்துவிடாது, சிவந்ததை மட்டும் பறித்து பச்சையை விட்டுவிட்டு, அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதை அவனே எனக்குச் சொன்னான். “அதையே இங்கிலீஷ்ல சொல்லுடா, அதான் உங்கம்மாவோட ஜாப்” என்றேன். அவன் சொன்ன வாக்கியம் இன்னும் நினைவில் இருக்கிறது. ‘மை மதர் பிக்ஸ் ஒன்லி தி ரெட் ஒன்ஸ்.’

வாக்கிய விஷயத்துக்கு வருகிறேன், டீச்சர்களுக்காக. நம் பிள்ளைகள் தடுமாறுவது தமிழில் ‘வேலை’ என்ற ஒரே சொல் எல்லாப் பாரத்தையும் சுமப்பதால். வேலைக்குப் போறேன், வேலை இருக்கு, மிக்ஸி வேலை செய்யல, என்கிட்டயே உன் வேலையக் காட்டுறியா, எல்லாம் ஒரே வேலை. ‘எனக்கு ஒரு வேலை இருக்கு’ என்று மனசில் ஓடும். அந்த ‘ஒரு’ அப்படியே போய் ‘ஐ ஹேவ் எ ஒர்க்’ என்று விழும். ஆங்கிலத்தில் ஒர்க்கை எண்ண முடியாது, தண்ணீர் மாதிரி. ஜாபை எண்ணலாம், குடம் மாதிரி. ‘ஐ ஹேவ் ஒர்க்’ என்றால் கையில் வேலை கிடக்கிறது. ‘ஐ ஹேவ் எ ஜாப்’ என்றால் பிழைப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. ‘ஒர்க்ஸ்’ என்று பன்மை போட்டால் பொருளே மாறி பட்டறையாகிவிடும். லேத் ஒர்க்ஸ், இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்று நம் ஊர் போர்டுகளில் பிள்ளைகள் தினமும் பார்ப்பதுதான். ‘ஐயாம் கோயிங் டு ஜாப்’ என்கிறோம், அவர்கள் ‘கோயிங் டு ஒர்க்’ என்பார்கள். இவ்வளவுதான் இலக்கணம். ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. ‘வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?’ என்ற கேள்விக்குள் ஜாப் என்ற சொல்லே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? என்ன செய்கிறார் என்றுதான் கேட்கிறார்கள். செய்வதைச் சொன்னால் போதும். ‘ஹி மேக்ஸ் சில்வர் ஆங்க்லெட்ஸ்.’ நிமிர்ந்து நிற்கிற வாக்கியம். அம்மாக்களுக்கும் இதேதான். ‘மை மதர் இஸ் நாட் ஒர்க்கிங், ஷி இஸ் சிம்ப்ளி இன் தி ஹவுஸ்’ என்று எழுதுகிற பிள்ளையின் அம்மா, சோறு பொங்கிவிட்டு மத்தியானம் முழுக்கத் தறிக்காரருக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிறார். சும்மா இருக்கிற கை இல்லை அது.

2009இல் நான் முதன்முதலாக இன்டர்வியூவுக்குப் போனேன், ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆபீஸ். அப்பா டிவிஎஸ் ஃபிஃப்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே இதே கேள்வியைக் கேட்டார்கள். ‘மை ஃபாதர் இஸ் எ பிசினஸ்மேன்’ என்றேன். கண்ணாடி ஜன்னல் வழியே அப்பா தெரிந்தார், கர்சீப்பை மடித்துத் தலைமேல் போட்டுக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் “என்ன கேட்டாங்க கண்ணு?” என்றார். “பேரு, படிப்பு” என்றேன். வேலை கிடைத்தது, மூன்று வருடம் பார்த்தேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவேயில்லை. அவர் போய் ஆறு வருடமாகிறது. நான் சொன்ன அந்தப் பொய்க்கு ஒரு கைடும் ஒரு வகுப்பறையும் காரணம் என்று இப்போது தெரிகிறது. அதற்காக என் பங்கு குறைந்துவிடாது.

டீச்சர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ‘ஜாப்’ வைத்து வாக்கியம் எழுதச் சொன்னால் டாக்டரையும் இன்ஜினியரையும் கரும்பலகையில் எழுதாதீர்கள். முதலில் பிள்ளைகளைத் தமிழிலேயே சொல்லவிடுங்கள், வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று. ஜவ்வரிசி மில்லில் மாவு காயவைப்பவர் இருப்பார், வெண்பட்டு நெய்பவர் இருப்பார், லாரிக்குத் தார்ப்பாய் கட்டுபவர் இருப்பார். அந்த வினைச்சொற்களுக்கு இங்கிலீஷ் தேடிக் கொடுங்கள். நமக்கே தெரியாதவை நிறைய வரும், வரட்டும். கைடில் இருக்கும் ஐந்து வாக்கியத்தை விட பிள்ளைக்கு அதில் இங்கிலீஷ் அதிகம்.

நான் அன்றைக்கு அதைத்தான் செய்தேன். “அப்பா காலைல போனதும் மொதல்ல என்ன பண்ணுவாரு?” என்று ஆரம்பித்தோம். ஐந்து வாக்கியம் பதினொன்றாகிவிட்டது. ‘மை ஃபாதர் டஸ் ஜாப் ஒர்க் இன் சில்வர்’ என்பது முதல் வரி. பத்தவைப்பதற்கு ‘சோல்டர்’ என்று எழுதினாள். வெங்காரத்துக்கு என்ன என்று கேட்டாள், ‘போராக்ஸ்’ என்றேன். எழுத்துக்கூட்டி எழுதி அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். “மிஸ், எங்கப்பா நோட்ட வாங்கிப் பாத்தாருங்க மிஸ். அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுல்ல, நான்தான் படிச்சுக் காட்டுனேன். வெங்காரம்னு எங்க எழுதியிருக்குன்னு கேட்டாரு. காட்டுனேன். அதுமேலயே வெரல வெச்சுட்டு இருந்தாருங்க மிஸ்.”