சந்திரகிரி ராஜமஹால் வெறும் கல் மாளிகை இல்லை

உங்கள் கட்டுரையில், திருப்பதிக்குப் பக்கத்துச் சந்திரகிரிக் கோட்டைக்குள் இருக்கும் ராஜமஹாலைக் ‘கல் மாளிகை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே. அது செங்கல்லும் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த கட்டடம் சார், மூன்று நிலைக்கும் மரமே கிடையாது, உத்தரம் வர வேண்டிய இடத்தில் வளைவுகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. நான் சித்தூர்க்காரன், சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன், இன்னும் அந்த வளைவுகளுக்குக் கீழே அண்ணாந்து பார்க்காமல் வந்ததில்லை.

அப்புறம், இங்கே ஆண்ட அரசர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாளுவ நரசிம்மர் இந்தக் கோட்டையிலிருந்துதான் 1485-ல் விஜயநகர அரியணைக்குப் போனார். விஜயநகரம் தோற்ற 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு, அதன் கடைசி வம்சமான ஆரவீட்டு அரசர்கள் பெனுகொண்டாவிலிருந்து தலைநகரை இங்கே கொண்டுவந்தார்கள், பிறகு கோல்கொண்டா, மைசூர் என்று கைமாறியது. 1639-ல் சென்னைப்பட்டணத்து நிலம் ஆங்கிலேயருக்குப் போனதும் இந்த ஆரவீட்டு வம்சத்தின் ஆட்சியில்தான், அதையாவது சேருங்கள்.