இரண்டே ஒயர், முப்பதே நிமிடம்

இரண்டே இரண்டு ஒயர்தானாம். கறுப்பைக் காயிலின் (தீப்பொறிக்காக வோல்ட்டேஜை ஏற்றிக் கொடுக்கும் சுருள்) நெகட்டிவ்வில் கொடுக்க வேண்டுமாம். சிவப்பை "சாவி போட்டால் 12 வோல்ட் வரும் ஏதாவது ஓர் இடத்தில்" கொடுக்க வேண்டுமாம். முப்பது நிமிடத்தில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடலாமாம். என் பழைய பிக்கப்பில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் (எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் ஏற்பாடு) மாட்ட வாங்கிய கிட்டோடு வந்த துண்டுத்தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நான் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். இப்போது திங்கள் இரவு. கையை மூன்று தடவை கழுவியாயிற்று, நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு தீபாவளிக்குள் போனால் ஆச்சரியம்.

அந்தத் துண்டுத்தாளை எழுதிய புண்ணியவானை ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க ஆசை. திட்டமாட்டேன். ஆகஸ்ட் மாத டெக்சாஸ் வெயிலில் என் வண்டி பானட்டுக்குள் தலையை விடச் சொல்லி, "ஐயா, ஏதாவது ஓர் இடம் என்று எழுதினீர்களே, அந்த இடத்தைக் கொஞ்சம் தொட்டுக் காட்டுங்கள்" என்று பணிவாகக் கேட்பேன். காட்டுகிற வரைக்கும் தண்ணீர் தரமாட்டேன், அவ்வளவுதான்.

பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. என்னுடையது 1973 ஃபோர்டு எஃப்-100, 302 வி8. பாயிண்ட் செட் வண்டி, அதாவது தீப்பொறிக்கான கரண்ட்டைத் திறந்து மூடும் சின்ன உலோக முனைகள் வைத்தது. கிரைஸ்லர்காரன் அதே 1973-இல் அமெரிக்காவில் செய்த தன் கார்களுக்கெல்லாம் எலெக்ட்ரானிக் இக்னிஷன் கொடுத்துவிட்டான். எனக்கு வாய்த்தது இது. பாயிண்ட் இடைவெளி 0.017 அங்குலம். உள்ளே உரசும் சின்னக் கட்டை தேயத் தேய அந்த இடைவெளி மூடிக்கொண்டே வரும், தீப்பொறி விழும் நேரம், அதாவது டைமிங், பின்னால் நகர்ந்துகொண்டே போகும், ஒருநாள் நெடுஞ்சாலை ஏற்றத்தில் வண்டி இருமும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அதனால்தான் மாற்றலாம் என்று முடிவெடுத்தேன். நாகர்கோவிலில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னபோது, "உப்புத்தாள் போட்டு ரெண்டு இழுப்பு இழுத்தா ஓடிரும்லா? ஓடுற வண்டியில எதுக்குல கைய வைக்க?" என்றார். பதினாறு வருடம் அம்பாசடர் ஓட்டியவர். பாயிண்ட் கேப் பார்க்க அவரிடம் கேஜ் எல்லாம் கிடையாது, கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து விட்டுப் பார்ப்பார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

உள்ளே மாட்டும் வேலை சுலபம், அதில் குறை சொல்ல முடியாது. சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, ரோட்டரைப் பிடுங்கி, பாயிண்ட்டையும் கண்டன்சரையும் எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் குட்டி மாட்யூல், தண்டில் காந்த வளையம். இருபது நிமிடம். (ரோட்டரைத் திரும்ப மாட்டாமல் ஏர் கிளீனர் மேலேயே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் செல்ஃப் அடித்தேன். அது என் தப்பு என்பதால் இங்கே பேசப்போவதில்லை.)

சரி, சிவப்பு ஒயர். ஃபியூஸ் பெட்டியில் ரேடியோ வரிசையில் ஒரு முனை சும்மா இருந்தது. சாவி போட்டால் மீட்டரில் 12.5. எடுத்தால் பூஜ்யம். "ஏதாவது ஓர் இடம்" கிடைத்துவிட்டது! கொடுத்தேன். செல்ஃப் அடித்தேன். ர்ர்ர் ர்ர்ர் ர்ர்ர். ஒன்றுமில்லை. மறுபடியும். ஒன்றுமில்லை. வெறுத்துப்போய்ச் சாவியை விட்டேன். விட்ட அந்த நொடியில் எஞ்சின் 'டப்' என்று ஒரு உதை உதைத்துவிட்டு அடங்கியது. திரும்ப அடித்தேன், செத்த பிணம். விட்டேன், டப். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. அடிக்கும்போது உயிர் இல்லை, விடும்போது உயிர் வருகிறது. கொஞ்ச நேரத்தில் எனக்கு அந்த வண்டி என்னைக் கிண்டல் செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

காரணம் தெரிய ஒரு மணி நேரம் ஆனது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முழுவதும் செல்ஃப் மோட்டாருக்கே போகட்டும் என்று ரேடியோ, ஹீட்டர் எல்லாவற்றுக்கும் சாவி கரண்ட்டை நிறுத்திவிடும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் என் மாட்யூலும் ரேடியோவோடு சேர்ந்து தூங்கிவிட்டது. "ரேடியோ முனையில் கொடுக்காதே" என்று துண்டுத்தாளில் ஒரு வரி போட எவ்வளவு மை செலவாகியிருக்கும்? அதே தாளின் பின்பக்கம் முழுக்க அவர்கள் விற்கும் தொப்பிக்கும் பனியனுக்கும் விளம்பரம்.

சரி, வேண்டாம். சிவப்பை எடுத்து நேராகக் காயிலின் பாசிட்டிவ்விலேயே கொடுத்தேன். செல்ஃப் அடித்தேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது! எட்டு சிலிண்டரும் சேர்ந்து கத்தியது. நானும் கத்தினேன். வீட்டுக்குள்ளிருந்து மனைவி, "ஏங்க, ஓடிருச்சா?" என்று கேட்டாள். "ஓடிருச்சு!" என்று சொல்லிச் சாவியை விட்டேன்.

நின்றுவிட்டது.

மறுபடி அடித்தேன். பிடித்தது. விட்டேன். நின்றது. அடித்தேன், பிடித்தது, விட்டேன், நின்றது. காலையில் விட்டால் உயிர், இப்போது விட்டால் சாவு. இடது கையில் சாவியைப் பிடித்துக்கொண்டே, செல்ஃப் மோட்டார் கரகரவென்று அலற அலற மளிகைக் கடைக்குப் போய்வர முடியுமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். வெயில் அப்படி.

பக்கத்து வீட்டுப் பெரியவர், ரிட்டயர்டு, அப்போதுதான் மடக்கு நாற்காலியோடு வந்து சேர்ந்தார். நிழல் பார்த்துப் போட்டார், உட்கார்ந்தார், ஐஸ் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். என்ன சொன்னார் தெரியுமா? "பாயிண்ட் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது?" அவரும் என் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

நானும் விடவில்லை. காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். சாவி போட்டால் 12.4. சுத்தமான 12.4. நின்று, உட்கார்ந்து, படுத்து, எப்படி அளந்தாலும் 12.4. கரண்ட் இருக்கிறது, வண்டி ஓடவில்லை, அப்படியானால் மாட்யூல்தான் போய்விட்டது. நூறு டாலர் தண்ணீரில் போனது என்று நெஞ்சு அடைத்தது. கடைசியில் ஏதோ ஒரு சோர்வில் ஒயரைக் காயிலில் மாட்டிவிட்டு, மாட்டியபடியே அளந்தேன். 6.3.

கழற்றினால் 12.4. மாட்டினால் 6.3. ஆள் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற அலுவலக ஊழியரைப் போல.

விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்து வண்டியில் சாவியிலிருந்து காயிலுக்கு வருவது சாதாரண ஒயரே இல்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ரெசிஸ்டர் ஒயர். முழு 12 வோல்ட் தொடர்ந்து போனால் பாயிண்ட் கருகிவிடும் என்று ஓடும்போது வோல்ட்டேஜைப் பாதியாக்கி அனுப்பும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும், ஃபெண்டர் ஓரத்தில் இருக்கும் செல்ஃப் ரிலேயின் (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) 'ஐ' முனையிலிருந்து காயிலுக்கு நேராக முழு 12 வோல்ட். சாவியை விட்டதும் அது அறுந்துவிடும், பாதி வோல்ட் மட்டும் வரும். பாயிண்ட்டுக்கு அது போதும், மாட்யூலுக்குப் போதாது. ஒயரைக் கழற்றி அளக்கும்போது அதில் கரண்ட்டே ஓடுவதில்லை, கரண்ட் ஓடாத ரெசிஸ்டரில் வோல்ட்டேஜ் இறங்காது, மீட்டர் 12.4 என்று சத்தியம் செய்யும். ஓம் விதி. பத்தாம் வகுப்பில் ஐந்து மார்க் கேள்வி. எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவன்தான் நான். வாங்கி என்ன செய்ய?

அந்த இளஞ்சிவப்பு ஒயருக்கு முன்னால், சாவிப் பக்கத்தில் ஒயரைப் பிரித்து எடுத்தால் தீர்ந்தது என்று டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்தேன். படுத்த பிறகுதான் இந்த வண்டியின் பழைய முதலாளியை நான் முழுமையாக அறிந்துகொண்டேன். அவர் யாரோ, எங்கே இருக்கிறாரோ, அவரிடம் இருந்தது ஒரே ஒரு நிற ஒயர். சிவப்பு. இண்டிகேட்டருக்குச் சிவப்பு, ஹீட்டருக்குச் சிவப்பு, எர்த்துக்கும் சிவப்பு. எர்த்துக்குச் சிவப்பு ஐயா! ஸ்பீக்கர் ஒயரில் ஹெட்லைட். வீட்டு ஒயரிங்கில் மாட்டுகிற பிளாஸ்டிக் திருகு மூடிகள் நான்கைந்து. அதன் மேல் டேப், டேப்பின் மேல் டேப். வெயிலில் உருகிய பசை என் முகத்தில் சொட்டியது. எங்கேயும் போகாத ஓர் ஒயர் எங்கிருந்தும் வராமல் நடுவில் தொங்கியது, மீட்டரை வைத்தால் அதில் கரண்ட் இருந்தது. அதற்கு மேல் எதையும் பிரிக்கவில்லை, மூடி வைத்துவிட்டு வெளியே வந்தேன். சில கல்லறைகளைத் திறக்கக் கூடாது.

வேறு வழி ரிலே. பழைய ஒயரை ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும் வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட தடித்த ஒயரில் காயிலுக்கும் மாட்யூலுக்கும் முழு 12 வோல்ட். ரிலே குடிக்கிற கரண்ட் கொசு குடிக்கிற அளவுதான், அதனால் ரெசிஸ்டர் ஒயர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பழைய காயில் முழு 12 வோல்ட்டைத் தாங்காது, சூடாகிச் செத்துவிடும். அதற்கு ஏற்ற காயில் வேண்டும். அது கிட்டில் உண்டா? துண்டுத்தாளின் அடியில், எறும்பு படிக்கிற எழுத்தில்: "காயில் தனியே விற்கப்படும்".

உதிரிபாகக் கடைக்குப் போனேன். என்னுடைய வண்டிதான் ஓடாதே, மனைவியின் காரில், இருக்கையில் துண்டு விரித்து. கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எந்த வருடம்?" என்றான். தடித்த ஒயர் ஐந்து மீட்டர் வேண்டும் என்றேன். "வருடம்?" 1973. "எஞ்சின்?" 302. "நாலு சக்கர இழுவையா, ரெண்டா?" தம்பி, ஒயர். "ஏசி உண்டா?" ஒயருக்கு எதற்கடா ஏசி! எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து, "இந்த வண்டிக்கு ஒயர் காட்டவில்லை" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஏழு நிறத்தில் ஒயர்ச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. விரலை நீட்டிக் காட்டினேன். சிவப்பு ஒன்றுதான் தடித்ததில் மீதி இருந்தது. பழைய முதலாளியை அந்த ஒரு நிமிடம் மட்டும் மன்னித்தேன்.

ரிலேயில் 30, 85, 86, 87 என்று நம்பர் போட்டிருக்கும், எண்ணத் தெரியாதவன் வைத்த வரிசை. 30 பேட்டரிக்கு, 87 காயிலுக்கு, மற்ற இரண்டில் ஒன்று பழைய ஒயருக்கு, ஒன்று எர்த். மாட்டினேன். செல்ஃப் அடித்தேன். பிடித்தது. சாவியை விட பயம். விரல் வலிக்க ஆரம்பித்த பிறகு விட்டேன்.

நிற்கவில்லை.

அப்படியே ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தேன். தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. கிட், காயில், ரிலே, ஒயர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தக் காசுக்கு இருபது வருடத்துக்குப் பாயிண்ட் செட் வாங்கியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு, "பாயிண்ட்டிலும் இப்படித்தான் ஓடியது" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை நான் பதில் சொல்லவில்லை.

கிட் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறதாம், எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று. அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எஞ்சின் சத்தம் எத்தனை மைலுக்குக் கேட்குமோ தெரியவில்லை, வண்டி ஓடி பத்து நிமிடம் ஆகவில்லை, போனில் மெசேஜ். இரண்டு வருடமாகப் பொங்கல் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடாத ஓர் அன்பர். "அண்ணா, எப்படி இருக்கீங்க? டிரக் ஓடுதாமே! சனிக்கிழமை ஃப்ரீயா? புது வீட்டுக்கு மாறுறோம். நிறைய இல்லண்ணா, ஒரே ஒரு சோஃபாதான். அரை மணி நேர வேலை."