மின் குறைதீர்ப்பாளரிடம் நேராகப் போக முடியாது

"கடலூரில் வீட்டு இணைப்பைக் கடைக் கட்டணத்துக்கு மாற்றிவிட்டார்களா? மின் குறைதீர்ப்பாளருக்கு ஒரு மனு போடுங்கள், அதிகாரியை சஸ்பெண்ட் செய்துவிடுவார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்பிப் போகாதீர்கள், மனு திரும்பி வரும். மின் குறைதீர்ப்பாளர் (ஆம்பட்ஸ்மன்) என்பவர் மின் நுகர்வோரின் மேல்முறையீட்டைக் கேட்பவர்.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 42-இன்படி முதலில் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே தீரவில்லை என்றால்தான் குறைதீர்ப்பாளர். மன்றத்தின் ஆணை கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கெடுவில்தான், தயவுசெய்து கவனியுங்கள்.

குறைதீர்ப்பாளர் முதலில் சமரசம் பேசிப் பார்ப்பார். முடியாவிட்டால் இரு தரப்பையும் விசாரித்து ஆணையிடுவார். பில்லைத் திருத்தச் சொல்லலாம். யாரையும் சஸ்பெண்ட் செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. மின் திருட்டு வழக்குகளும் அவரிடம் போகாது.

அப்புறம், பாகூர் பக்கம் இருப்பவர்களுக்கு: புதுச்சேரிக்கும் இதே சட்டம்தான், ஆனால் அங்கே குறைதீர்ப்பாளரை நியமிப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். சென்னையில் உள்ள தமிழ்நாட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு அனுப்ப வேண்டாம்.