டாக்ஸிகாலஜி கான்ஃபரன்ஸ் போறீங்களா, போஸ்டர் ஹாலை விட்டுடாதீங்க

டாக்ஸிகாலஜி, அதாவது கெமிக்கலும் மருந்தும் உடம்புக்கு என்ன கெடுதல் செய்யும்னு ஆராயற துறை. அதோட கான்ஃபரன்ஸ்னாலே மெயின் ஹால்ல பெரிய ஆளுங்க பேசறதைக் கேக்கறதுதான்னு நினைச்சு வர்ற ரிசர்ச் ஸ்டூடண்ட்ஸ் நிறைய பேர். அந்தப் பேச்சுல வர்றதுல பெரும்பகுதி ஏற்கனவே ஜர்னல்ல வந்ததுதான், ரூமுக்குப் போய் உக்காந்து படிச்சுக்கலாம். எங்க தேடினாலும் படிக்கக் கிடைக்காத ஒண்ணு, ஸ்டூடண்ட்ஸ் தங்களோட ரிசல்ட்டை போஸ்டரா ஒட்டி வெச்சு பக்கத்துல நின்னு விளக்கற போஸ்டர் ஹால்ல இருக்கு. "இந்த கெமிக்கலை இவ்ளோ டோஸ்ல கொடுத்தோம், ஒண்ணும் ஆகல"ங்கற ரிசல்ட்.

நம்ம துறையில இது தோல்வி கிடையாதுங்க. மனுஷனுக்கு எவ்ளோ வரைக்கும் பாதுகாப்புன்னு கணக்குப் போடறப்போ, விலங்குல பாதிப்பே தெரியாத அதிகபட்ச டோஸை எடுத்துத்தான் வழக்கமா 100ஆல வகுக்கறோம், விலங்குக்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு 10, மனுஷனுக்கு மனுஷன் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு 10. ஆக அந்தக் கணக்குக்கு அடிப்படையே "ஒண்ணும் ஆகல"தான். ஆனா அதையே பேப்பரா எழுதி அனுப்பினா புதுசா எதுவும் இல்லன்னு திருப்பி அனுப்பிடறாங்க, ஸ்டூடண்டும் ஃபைலை மூடி வெச்சுடறாங்க, இன்னொரு லேப்ல அதே கெமிக்கல் அதே டோஸ் திரும்பப் போடறாங்க. அங்க சாகறது எலிங்க. எனக்கு இதை நினைச்சா உண்மையிலேயே மனசு ஆறல.

பாதி விலங்கு சாகற டோஸைக் கண்டுபிடிக்கற எல்டி50 டெஸ்ட் 1927ல டிரெவன்ங்கற பிரிட்டிஷ் விஞ்ஞானி கொண்டு வந்தது. அதோட பழைய முறையை, கெமிக்கல் டெஸ்ட்டுக்கு கைட்லைன் போடற சர்வதேச அமைப்பான ஓஇசிடி தன்னோட கைட்லைன்ல இருந்து 2002ல எடுத்துடுச்சு, இப்போ ஒவ்வொரு விலங்கா டோஸை ஏத்தி இறக்கிப் பாக்கற முறையெல்லாம் இருக்கு. விலங்கோட எண்ணிக்கையைக் குறைக்க அவ்ளோ பாடுபட்ட துறை, கிடைச்ச ரிசல்ட்டை டிராயர்ல போட்டுப் பூட்டி வெச்சா எப்படி?

எந்த விலங்குல "ஒண்ணும் ஆகல"ன்னு கேக்கறதும் ரொம்ப முக்கியம். கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரை, எலிக் குட்டிகள்கிட்ட கை கால் குறையைக் காட்டல, முயல் குட்டிகள்கிட்ட காட்டுச்சு. அந்த மாத்திரையால 10,000 குழந்தைகளுக்கு மேல பாதிக்கப்பட்டாங்க, 1961ல வாபஸ் வாங்கினாங்க. பாராசிட்டமால்ல கூட பாருங்க, அதிக டோஸ்ல சுண்டெலியோட லிவர் சீக்கிரம் கெட்டுடும், பெரிய எலி நல்லாவே தாங்கும். ஒரு போஸ்டர் முன்னாடி ஒரு பொண்ணு தயங்கித் தயங்கி "எங்களுக்கு லிவர்ல எதுவும் வரல சார்"னு சொன்னப்போ, எந்த ஸ்ட்ரெயின் (அந்த விலங்குல எந்த வகை), எதுல கரைச்சுக் கொடுத்தீங்க, சாப்பாடு நிறுத்தினீங்களா (பட்டினி போட்டா லிவரைப் பாதுகாக்கற குளூட்டாதயோன்ங்கற பொருள் குறையும், ரிசல்ட்டே மாறிடும்)னு கேட்டேன். எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதில் சொன்னாங்க. அந்தப் பேச்சுல எனக்குக் கிடைச்ச விவரம் வேற எந்த செஷன்லயும் கிடைக்கல.

ஆனா இந்த போஸ்டர் செஷனை சாப்பாட்டு நேரத்துல வைக்கறாங்களே, அது எனக்குப் பிடிக்கவே இல்ல. பாதிப்பு இல்லன்னு வந்த ரிசல்ட்டுக்குன்னே ஒரு வாய்மொழி செஷன் தனியா வைங்க. அப்ஸ்ட்ராக்ட் வாங்கும்போதே டோஸ், ஸ்ட்ரெயின், எதுல கரைச்சது, எத்தனை விலங்கு இது நாலும் இல்லாம எடுத்துக்காதீங்க. கமிட்டியில இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, அடுத்த மீட்டிங்ல இதைப் பேசுங்க.