பழைய படகு வாங்கினால் உங்களுக்கு எங்கே நோகுது?

எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இங்கே கனடாவில் ஒரு தம்பி, தான் வாங்கிய பழைய ட்ரோலர் படகின் படத்தை முகநூலில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கீழே நடந்த கூத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், சிலர் அதில் ஆடியும் இருக்கிறீர்கள், அதனால் முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "இந்தப் பழைய இரும்பை வாங்கின காசுக்குக் குடும்பத்தோடு ஒரு குரூஸ் கப்பலில் போய் வந்திருக்கலாமே" என்று எழுதிய அண்ணைக்கு மட்டும் முதலில் ஒன்று சொல்லி விடுகிறேன். அது இரும்பு இல்லை அண்ணை, பைபர் கிளாஸ். தெரியாததைப் பற்றிப் பேசும்போது குறைந்தது பொருளின் பெயரையாவது சரியாகச் சொல்லலாம்.

'ட்ரோலர் என்றால் வலை எங்கே, மீன் எங்கே' என்று நக்கல் அடித்தவர்களுக்கும் ஒரு வரி. ஊரில் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகிற அந்த மீன்பிடி றோலர் இல்லை இது. அந்த உடம்பின் வடிவத்தை எடுத்து, உள்ளே படுக்கை, குசினி, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கட்டிய படகு. மெதுவாகப் போகும், இரவு நங்கூரம் போட்டுவிட்டுச் சோறு சமைத்துச் சாப்பிட்டு அங்கேயே படுக்கலாம். அவ்வளவுதான்.

தம்பி வாங்கியது தாய்வானில் கட்டிய 34 அடிப் படகு, 1981ஆம் ஆண்டு. இங்கேதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. "என்னைவிட வயது கூட" என்று ஒருவர். சரி, வயது கூடத்தான். நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றுதான், கேட்டுச் சலித்தாலும் பரவாயில்லை: பழைய படகில் வயதைப் பார்க்கக் கூடாது, நிலையைப் பார்க்க வேண்டும். பெயரையும் பார்க்கக் கூடாது. 1970களிலும் 80களிலும் தாய்வானில் இந்தப் படகுகளைக் கட்டித் தள்ளினார்கள், கிட்டத்தட்ட ஒரே படகையே மரைன் ட்ரேடர், சிஎச்பி என்று வேறு வேறு பெயர் ஒட்டி இங்கே விற்றார்கள். இன்றைக்கு வாங்குகிறவனுக்கு அந்தப் பெயரை விட அந்த 40 வருடமும் அதை யார் வைத்திருந்தார், மழைத் தண்ணீர் எங்கே போனது என்பதுதான் முக்கியம்.

மழைத் தண்ணீர் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? இந்தப் படகுகளைக் கொல்வது ஏரித் தண்ணீரோ கடல் தண்ணீரோ அல்ல, மேலே இருந்து வருகிற தண்ணீர்தான். அடிப்பாகம் நல்ல தடிப்பாகப் போட்டிருப்பார்கள், அது லேசில் போகாது. ஆனால் டெக்கின் மேல் அழகுக்குத் தேக்குப் பலகை பதித்து, அதை நூற்றுக்கணக்கான திருகாணிகளால் பூட்டியிருப்பார்கள். பலகைகளுக்கு நடுவில் இருக்கும் கறுப்புப் பசை காய்ந்து வெடித்தால் ஒவ்வொரு திருகாணி ஓட்டையும் ஒரு குழாய். கீழே இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவில் இருக்கும் மரம் ஊறும். ஒன்ராறியோவில் அந்த ஈரம் குளிருக்குள் உறைந்து பருத்து இரண்டு தோலையும் பிரித்துவிடும். அப்புறம் யன்னல்கள். யன்னல் ஒழுகினால் சுவருக்குள் இறங்கும். டீசல் ஊற்றும் வாயைச் சுற்றி ஒழுகினால் கீழே இருக்கும் இரும்பு டாங்கியின் தலையில் சொட்டி, மேலிருந்து துருப்பிடிக்கும். (அண்ணை சொன்ன இரும்பு அங்கேதான் இருக்கிறது, தற்செயலாக அரை மார்க் எடுத்திருக்கிறார்.) சில படகுகளில் எஞ்சினைத் தூக்காமல் அந்த டாங்கியை வெளியே எடுக்க முடியாது. டாங்கி வேலை வந்தால் மலிவாக வாங்கிய படகு மலிவாக இருக்காது.

இதெல்லாம் தம்பிக்குத் தெரியாது, யாரோ தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதினீர்களே. நான்தான் அவனோடு போனேன். முதலில் பார்த்தது இவன் வாங்கியதை இல்லை. பெரிய பெயர் உள்ள படகு, கிராண்ட் பாங்ஸ் 36. வார்னிஷ் அடித்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். தரகர் கோப்பி எல்லாம் தந்தார். தம்பியின் மனைவிக்கு அதைவிட்டு இறங்க மனமில்லை. படகைப் பரிசோதிக்க வந்த சேர்வேயர் ஒரு சின்னச் சுத்தியலோடு டெக்கில் முழங்காலில் இருந்து, தேங்காய் வாங்குகிற மனிசி மாதிரி ஒவ்வொரு அடியாகத் தட்டிக்கொண்டு போனார். டக், டக், டக் என்று வந்த சத்தம் முன்னால் அணியத்துப் பக்கம் போனதும் பொத், பொத் என்று மாறியது. யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஈரம் பார்க்கும் மீற்றரை வைத்தார், எஞ்சின் அறைக்குள் போய் டாங்கியின் பக்கத்தில் வடிந்திருந்த துருக்கோட்டைக் காட்டினார். தரகர் மட்டும் "பழைய படகில் இதெல்லாம் சாதாரணம்" என்றார். நாங்கள் கோப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

தம்பி இப்போது வாங்கியிருக்கிற படகின் வார்னிஷ் உரிந்து கிடக்கிறது. படத்தில் நீங்கள் பார்த்துச் சிரித்ததும் அதைத்தான். ஆனால் அதன் முந்தைய சொந்தக்காரர் தேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டைகளை எல்லாம் அடைத்துச் சாதாரணப் பெயின்ற் அடித்திருக்கிறார். அழகில்லை, ஒழுகவும் இல்லை. டாங்கி மாற்றிய பில்லை எடுத்து வைத்திருக்கிறார். பிறந்ததில் இருந்து பேரேரிகளில், நன்னீரில் மட்டும் ஓடிய படகு, உப்பே தொட்டதில்லை. வருடத்தில் பாதி நாள் கரையில் நின்றதால் எஞ்சின் ஓடிய மணித்தியாலமும் குறைவு. இந்த இரண்டில் எதை வாங்குவீர்கள்? சொல்லத் தேவையில்லை, உங்களில் பாதிப்பேர் வார்னிஷைத்தான் வாங்குவீர்கள்.

எஞ்சினைப் பற்றியும் ஒருவர் டொக்டர் மாதிரி கருத்துச் சொல்லியிருந்தார். தம்பியின் படகில் இருப்பது ஃபோர்ட் லேமன் 120. ஃபோர்டின் இங்கிலாந்துக் கிளை லொறிக்கும் மெஷின்களுக்கும் என்று செய்த ஆறு சிலிண்டர் டீசலை எடுத்துப் படகுக்கு ஏற்றபடி மாற்றியது. கம்பியூட்டர் கிடையாது. சாமான் இன்றைக்கும் வாங்கலாம். அதன் இன்ஜெக்ஷன் பம்புக்குத் தனியாக எண்ணெய் இருக்கிறது, அதை 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதை மறக்கிறவர்கள்தான் பிறகு எஞ்சினைக் குறை சொல்கிறார்கள்.

"ஒரு எஞ்சின்தானே, நடுவில் நின்றால்?" நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. இரண்டு எஞ்சின் இருந்தால் கட்டுத்துறையில் திருப்புவதும் லேசு. ஆனால் இரண்டு எஞ்சினுக்கு எல்லாமே இரண்டு பில். ஒற்றை எஞ்சின் படகில் புரொப்பெல்லர் நடுவில், ஏராவுக்கு (படகின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு) பின்னால் மறைந்து நிற்கும், கல்லிலோ கட்டையிலோ முட்டினால் முதலில் ஏராதான் வாங்கும். இரட்டை எஞ்சின் படகுகள் பலதில் இரண்டு புரொப்பெல்லரும் இரண்டு பக்கமும் வெளியே தொங்கும். டீசல் எஞ்சின் நிற்பது பெரும்பாலும் அழுக்கு டீசலாலும் டீசல் குழாய்க்குள் புகும் காற்றாலும்தான், ஒரே டாங்கியில் குடித்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

"இன்சூரன்ஸ் தரமாட்டான்." சேர்வே அறிக்கை கேட்பான், குறை இருந்தால் திருத்திவிட்டு வா என்பான், தருவான். "திரும்ப விற்கமுடியாது." விற்கவா வாங்கினான்? "வைஃபை இல்லை" என்று எழுதியவருக்குப் பதில் கிடையாது.

இனி வேகம். "ஆமை மாதிரிப் போகும்" என்று அண்ணை எழுதினார், அதற்கு விழுந்த சிரிப்பு முகங்களை எண்ண முடியவில்லை. ஆம், மணிக்கு 12, 13 கிலோமீற்றர். 34 அடிப் படகின் உடம்பு அதற்கு மேல் போக விரும்பாது, நீ எஞ்சினை உறுக்கினால் பின்னால் அலையைத்தான் பெரிதாக்கும். ஆனால் அந்த வேகத்தில் மணிக்கு 7, 8 லீற்றர் டீசல்தான். அண்ணையின் வேகப்படகு, அந்த வெள்ளை மின்னல், இரண்டு பெற்றோல் எஞ்சின், ஓடினால் மணிக்கு 100 லீற்றருக்குப் பக்கத்தில் குடிக்கும். அதனால்தான் அது ஓடுவதே இல்லை, மரீனாவில் கட்டிவைத்துப் படம் எடுக்கிறார்கள். நான் சொல்லவில்லை, படங்களைப் பாருங்கள், எல்லாவற்றிலும் பின்னால் அதே கம்பம்.

நாங்கள் போகிற பாதை ஒன்ராறியோவின் ட்ரென்ற்-செவர்ன் நீர்வழி. ட்ரென்ரனில் ஏறி ஜோர்ஜியன் விரிகுடாவில் இறங்கும் 386 கிலோமீற்றர். பீற்றர்பரோவில் 1904இல் திறந்த அந்த லிஃப்ட் லொக்கில் படகையும் தண்ணீரையும் சேர்த்து 65 அடி தூக்குவார்கள், பம்ப் எதுவும் இல்லை, இரண்டு தொட்டிகளில் மேலே நிற்பதில் ஒரு அடித் தண்ணீர் கூடுதலாக விட்டதும் அதன் பாரத்தில் மற்றது எழும்பிவிடும். பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள், படகு தேவையில்லை, காரிலேயே போகலாம். அந்தப் பாதையின் வெட்டு வாய்க்கால்களில் சட்டப்படி வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர். அண்ணையின் மின்னலும் அங்கே எங்களுக்குப் பின்னால் ஆமையாகத்தான் வர வேண்டும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், பழைய படகு மலிவு என்று சொல்லி யாரையும் உசுப்பேற்றவில்லை. கையில் இருப்பதையெல்லாம் கொட்டி வாங்குகிறவன் அடுத்த வருடமே விற்பான். வருடச் செலவு வாங்கிய விலையில் பத்து வீதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், பழைய படகுக்கு அது சரிவராது, படகின் விலை இறங்கிவிட்டது, டாங்கியின் விலை இறங்கவில்லை. குளிருக்குக் கரையேற்றும் காசு, மரீனா வாடகை எல்லாம் இருக்கிறது. தம்பி அதற்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வாங்கினான். இரவு வேலை செய்து சேர்த்த காசு. அதை யாரும் கேட்கவில்லை, கேட்காமலே "வசதி இல்லாதவனுக்கு ஏன் இந்த ஆசை" என்று எழுதிவிட்டீர்கள்.

அந்த வரிதான் எனக்கு ஏறவில்லை. என் படகை நான் மரீனாவில் கழுவிக்கொண்டு நின்றபோது ஒரு வெள்ளைக்காரர் வந்து, தன் படகைக் கழுவ எவ்வளவு எடுப்பாய் என்று கேட்டார். இது என்னுடையது என்றேன். முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டு, பிறகு பியர் எல்லாம் கொண்டுவந்து தந்தார், இப்போதும் கதைப்போம். அவருக்குத் தெரியாது, கேட்டார். உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே எழுதினீர்கள். சிரிப்பு முகம் போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் இருந்தீர்கள், நான் பார்த்தேன்.

இதே அண்ணைதான் ஒவ்வொரு விழா மேடையிலும் அன்னபூரணியை இழுக்கிறவர். வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய கப்பல், எங்கள் ஆட்கள் ஓட்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள், கேட்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். ஆனால் அண்ணை, அந்தக் கதையின் மற்றப் பாதியையும் மேடையில் சொல்லுங்கள். றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கியது புதுக் கப்பல் இல்லை, ஏற்கெனவே சரக்கு ஏற்றி ஓடிய பழைய கப்பல். அன்றைக்கு முகநூல் இருந்திருந்தால் அதன் படத்துக்குக் கீழேயும் "பழைய மரக்கட்டை" என்று யாராவது எழுதியிருப்பார்கள். யார் என்று நான் சொல்லவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று இன்பொக்ஸில் வரப்போகிறவர்களுக்கு: ஆம், கோபம்தான். அவன் படத்தை அழித்துவிட்டான், அது உங்களுக்குத் தெரியுமா? நாற்பது வருடம் குளிரில் நின்ற படகு ஒழுகவில்லை, நாலு கொமென்ற்றில் பிள்ளை ஒழுகிவிட்டான்.

தம்பி, படத்தைத் திரும்பப் போடு. மே மாதம் இறக்கும்போது நான் வருகிறேன், அதற்கு முதல் பம்ப் எண்ணெயை மாற்று, சுக்கான் தண்டு நுழையும் இடத்தையும் இறுக்கிப் பார். அண்ணைக்கு நீ பதில் எழுதாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.