16 தலை பின்னினால் ஒரு இன்சூரன்ஸ்

2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே எங்கள் ஊர் நூலகத்தின் பின்பக்க அறை. ஒபாமாகேர், அதாவது அரசு மானியத்தோடு வாங்கும் மருத்துவ இன்சூரன்ஸுக்குப் பதிவு செய்யும் காலம் அது. விண்ணப்பம் போடத் திணறுகிறவர்களுக்கு உதவ, பயிற்சி எடுத்துக்கொண்ட தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. எதிரில் 52 வயதுப் பெண்மணி. படுக்கையில் கிடக்கும் முதியவர்களின் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாத்திரை எடுத்து வைக்கிற வேலை. மணிக்கு 10 டாலர் 60 சென்ட். வாரம் 40 மணி நேரம் வேலை இருந்தது; அவர் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா இறந்துபோனதும் 25 ஆகிவிட்டது. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, இன்சூரன்ஸ் இல்லை. (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.)

கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 13,780 டாலர். கணினியில் தட்டினால் மானியம் பூஜ்யம். முழு விலைக்கு வாங்குவதென்றால் அவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

சம்பளம் அதிகம் என்று மறுக்கவில்லை. சம்பளம் போதாது என்று மறுத்தார்கள்.

தனி ஆளுக்கு அன்றைய வறுமைக்கோடு 15,060 டாலர். அதைத் தொட்டுவிட்டால், அப்போதிருந்த கூடுதல் மானியத்தில் மாதச் சந்தா இல்லாமலேயே நல்ல இன்சூரன்ஸ் கிடைக்கும். அதற்கு ஒரு டாலர் குறைந்தாலும் ஒன்றும் கிடையாது. இவருக்கு 1,280 டாலர் உதைத்தது.

"வேற ஏதாவது வருமானம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். வருமானத்தைச் சொன்னால் இருப்பதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது அவர் வாழ்க்கையில் கற்ற பாடம். மாட்டிவிடுவதற்காகக் கேட்கவில்லை, இருந்தால் நல்லது என்று புரியவைக்கவே பத்து நிமிடம் ஆனது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தலை பின்னிவிடுவாராம். ஐந்து ஆறு மணி நேர வேலை. செலவு போகத் தலைக்கு 80 டாலர் நிற்கும்.

1,280-ஐ 80-ஆல் வகுத்தால் 16. வருடத்துக்கு 16 தலை. "அவ்வளவுதானா, அதுக்கு மேலயே பின்றேனே" என்றார். அந்த வருமானத்தையும் முறைப்படி சேர்த்தோம், கோட்டைத் தாண்டினோம், இன்சூரன்ஸ் வந்தது. சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

இந்தக் கூத்து எப்படி வந்தது? 2010-இல் ஒபாமாகேர் சட்டம் எழுதியவர்கள் போட்ட திட்டம் இது: வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லோருக்கும் மெடிக்கெய்ட், அதாவது அரசே செலவை ஏற்கும் மருத்துவக் காப்பீடு, அதற்கு மேலே உள்ளவர்களுக்கு மானியம். வறுமைக்கோட்டுக்கு அடியில் இருப்பவர்கள்தான் மெடிக்கெய்டில் இருப்பார்களே என்று அவர்களுக்கு மானியம் எழுதவே இல்லை. 2012-இல் உச்ச நீதிமன்றம், மெடிக்கெய்டை விரிவாக்கச் சொல்லி மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. விரிவாக்கத்துக்கான செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே தரும். அப்படியும் இன்றுவரை 10 மாநிலங்கள் வேண்டாம் என்கின்றன. டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா எல்லாம் அதில் அடக்கம். டெக்சஸில் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்போ, உடல் ஊனமோ, முதுமையோ, கர்ப்பமோ இல்லாத பெரியவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிக்கெய்ட் கிடையாது. பிள்ளை உள்ளவர்களுக்கும் வறுமைக்கோட்டில் ஏறக்குறைய 15 சதவீதத்துக்குள் வருமானம் இருந்தால்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த அம்மா பார்த்துக்கொள்கிற முதியவர்களுக்கு மெடிக்கெய்ட் இருக்கிறது. அவருக்குச் சம்பளமாக வருவதே மெடிக்கெய்ட் பணம்தான்.

அமெரிக்க வறுமை பற்றி எனக்கு இரண்டு தரப்பிலிருந்து உபதேசம் வரும். ஊரிலிருந்து பேசுகிறவர்கள், "அங்க காசு இல்லாட்டி ரோட்டுல சாக வேண்டியதுதானாமே" என்பார்கள். இங்கே கொலுவுக்குப் போன வீட்டில் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அண்ணா, "நம்ம டாக்ஸை வாங்கி வேலைக்குப் போகாதவனுக்கெல்லாம் அள்ளிக் குடுக்கிறான்" என்றார். இரண்டும் சரியில்லை. மெடிக்கெய்டில் 7 கோடிப் பேர் இருக்கிறார்கள். இந்த நாட்டில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் நான்கின் பிரசவச் செலவை அதுதான் ஏற்கிறது. எமர்ஜென்சிக்குப் போனால் காசு இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என 1986-இலிருந்து சட்டம் இருக்கிறது. பில் வீட்டுக்கு வரும், அது வேறு கதை. பணம் இல்லாத நாடு இல்லை இது. 2023-இல் மருத்துவத்துக்கு மட்டும் 4.9 டிரில்லியன் டாலர் செலவழித்த நாடு.

என் குறை வேறு. இங்கே ஏழைக்கு எதைக் கொடுத்தாலும், நீ இதற்குத் தகுதியானவன்தானா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஒரு முறை கேட்டால் போதாது, மறுபடி மறுபடி கேட்பார்கள். அந்தக் கேள்வியே பலரை வெளியே தள்ளிவிடுகிறது.

1965 ஜூலை 30, மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊரில் ஜனாதிபதி ஜான்சன் போட்ட கையெழுத்தில் இரண்டு திட்டங்கள் பிறந்தன. ஒன்று மெடிக்கேர், 65 வயது ஆனவர்களுக்கு. இன்னொன்று மெடிக்கெய்ட், ஏழைகளுக்கு. மூத்தவளிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. வயதாகிவிட்டதா, வேலை பார்த்த காலத்தில் வரி கட்டினாயா, சரி, இந்தா அட்டை. இளையவள் ஒவ்வொரு வருடமும் தன் ஏழ்மையைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். மெடிக்கேரைத் தொட எந்தக் கட்சிக்காரருக்கும் கை நடுங்கும். மெடிக்கெய்டைத் தொட யாருக்கும் நடுங்குவதில்லை. (நம் அப்பா அம்மாவை க்ரீன் கார்டில் கூட்டி வந்தவர்களுக்கு இன்னொரு கதை தெரியும்: 5 வருடம் காத்திருந்து மெடிக்கேரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மெடிக்கெய்டுக்கும் பெரும்பாலும் 5 வருடத் தடை. அந்தத் தடை 1996-இல் ஒரு சட்டத்தில் வந்தது.)

அந்த 1996 சட்டம் ரொக்க உதவியையும் மாற்றியது. கிளின்டன் காலம். ஏழைத் தாய்மாருக்கு வந்துகொண்டிருந்த பணத்துக்கு ஆயுளில் 5 வருடம் என்று கெடு வைத்தார்கள். மாநிலங்களுக்கு மொத்தமாக வருடத்துக்கு 16.5 பில்லியன் டாலர் என்று நிர்ணயித்தார்கள். அன்றைக்கு 16.5, இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே 16.5. வாடகை மட்டும் 1996-இல் நிற்கவில்லை. அந்தப் பணத்திலும் ஏறக்குறைய கால்வாசிதான் குடும்பங்களின் கைக்கு ரொக்கமாகப் போகிறது. மிசிசிப்பியில் அதிலிருந்து 50 லட்சம் டாலரை எடுத்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு வாலிபால் அரங்கம் கட்டக் கொடுத்தது பின்னால் தணிக்கையில் வெளிவந்தது. ஏழைத் தாயிடம் ஊதியச் சீட்டு கேட்பார்கள். வாலிபால் அரங்கத்திடம் யார் கேட்டார்கள்?

வேலை செய்தால்தான் மெடிக்கெய்ட் என்ற நிபந்தனைக்கு வருகிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நானே ஒரு காலத்தில் தலையாட்டியவள். ஆர்கன்சாவில் 2018-இல் செய்து பார்த்தார்கள்: மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகப் பதிவு செய்ய வேண்டும், முதல் சில மாதங்களுக்கு இணையதளத்தில் மட்டும்தான். அந்த இணையதளம் இரவு 9 மணிக்கு மூடிவிடும், காலை 7 மணிக்குத்தான் திறக்கும். கடை மாதிரி! பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வருகிறவன் வேலை செய்ததை எப்போது பதிவான்? சில மாதங்களில் 18,000-க்கும் அதிகமானோர் காப்பீட்டை இழந்தார்கள். அதில் பலர் வேலையில் இருந்தவர்கள், அல்லது விலக்கு உள்ளவர்கள். மாநிலத்தில் வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை கூடவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. அதே 80 மணி நேரம் இப்போது 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தில், மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களுக்கெல்லாம் 2027 தொடக்கத்துக்குள் வருகிறது. அந்தச் சட்டம் மொத்தமாக 2034-க்குள் ஒரு கோடிப் பேரைக் கூடுதலாகக் காப்பீடு இல்லாதவர்களாக்கும் என்பது நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகமே போட்ட கணக்கு.

காகிதம் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சாட்சி. கொரோனா காலத்தில் மெடிக்கெய்டிலிருந்து யாரையும் நீக்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் மறுபடி நீக்க ஆரம்பித்தார்கள். இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் போனார்கள். அதில் பத்தில் ஏழு பேர் தகுதி இல்லை என்று முடிவாகிப் போனவர்கள் இல்லை. படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது, ஏதோ ஒரு தாள் குறைந்தது.

சரி, காப்பீடு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓரிகனில் 2008-இல் மெடிக்கெய்டில் கொஞ்சம் இடம் இருந்தது, கேட்டவர்கள் 90,000 பேர். குலுக்கல் போட்டார்கள். உயிரோடு விளையாட்டா என்று தோன்றும். ஆனால் ஆய்வாளர்களுக்கு அது புதையல். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது, மருத்துவச் செலவால் குடும்பமே மூழ்குவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் பிரஷர், கொலஸ்ட்ரால், சர்க்கரை அளவுகளில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் தெரியவில்லை. மெடிக்கெய்டை எதிர்ப்பவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள், ஆதரிப்பவர்கள் முதல் பாதியை மட்டும். எனக்கு இரண்டும் சேர்ந்துதான் புரிகிறது: மாத்திரை கிடைத்தாலும் இரண்டு வேலை, தூக்கமின்மை, மலிவாகக் கிடைக்கிற குப்பைச் சாப்பாடு அப்படியே இருக்கிறதே. மருத்துவர் வறுமைக்கு மருந்து எழுத முடியாது.

அதற்கு மருந்து பணம். ஒரு முறை அதைக் கொடுத்தும் பார்த்தார்கள். 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை, ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் மாதா மாதம் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 300 டாலர், பெரிய பிள்ளைக்கு 250. வேலை செய்கிறாயா என்று கேட்கவில்லை. வரித்துறையே வங்கிக் கணக்கில் போட்டது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலில், குழந்தை வறுமை 2020-இல் 9.7 சதவீதம், 2021-இல் 5.2. அந்தக் கணக்கு தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை. அதை நீட்டிக்கச் செனட்டில் 50 வாக்குத் தேறவில்லை, நிறுத்திவிட்டார்கள். 2022-இல் 12.4.

இந்த மூன்று எண்களைத்தான் கொலு வீட்டு அண்ணாவிடம் சொன்னேன். "அந்தப் பணத்தாலதான் விலைவாசி ஏறுச்சு" என்றார். அதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள், அவருக்கும் அந்தப் பணம் ஓரளவு வந்திருக்கும். அதைக் கேட்கவில்லை, சுண்டல் நன்றாக இருந்தது.

2025-இல் அரசாங்கமே மூடிக் கிடந்தது, அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை. சண்டையே இந்த இன்சூரன்ஸ் மானியத்தைப் பற்றித்தான். கூடுதல் மானியம் சட்டப்படி 2025-உடன் முடிவதாக இருந்தது. நடுவில், ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் ஃபுட் ஸ்டாம்ப் பணமும் நவம்பரில் பலருக்குத் தள்ளிப்போனது.

அதற்குப் பிறகு அந்த அம்மா போன் செய்தார். மணிக்கு 13 டாலர் ஆக்கிவிட்டார்களாம். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை வருகிறது என்றார். 13,520. 2026 காப்பீட்டுக்குக் கோடு 15,650-க்கு ஏறியிருந்தது. சந்தாவும் இனி இலவசமாக இருக்காது, மாதம் 27 டாலர் பக்கம் வரும். கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருந்தபோதே அவர் கேட்டார், "இந்த வருஷம் எத்தனை தலை?"

27 என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. வலது கை விரல்கள் ராத்திரியில் மரத்துப்போகின்றனவாம். புது இன்சூரன்ஸில் டாக்டரிடம் காட்டினாராம், அவர் தலை பின்னுவதை விடச் சொல்லியிருக்கிறாராம். சனிக்கிழமை நூலகத்துக்கு வரச் சொன்னேன்.