நாலணா வைத்த ஊசியும் முதல் ரெக்கார்டு பிளேயரும்

எங்கள் வீட்டு ரெக்கார்டு பிளேயரின் தலையில் எப்போதும் ஒரு நாலணா ஒட்டியிருக்கும். எச்.எம்.வி. ஃபியஸ்டா. ஊசி தாவ ஆரம்பித்ததும் அப்பா கண்டுபிடித்த வைத்தியம் அது. காசை வைத்தால் தாவுவது நிற்கும், பாட்டு ஓடும், எல்லாருக்கும் மகிழ்ச்சி. இசைத்தட்டுக்கு என்ன ஆகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. பல வருடம் கழித்து அந்தத் தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி நல்ல ஊசியில் போட்டபோதுதான் தெரிந்தது. பாடுகிறவர் உச்சத்துக்குப் போகும் இடத்திலெல்லாம் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். துடைத்தால் போகிற அழுக்கு இல்லை, பாட்டு பதிந்த பள்ளமே தேய்ந்துவிட்டது.

அந்த 25 காசு நாணயம் 2.5 கிராம். இன்றைக்கு ஓரளவு நல்ல கேட்ரிட்ஜ் (ஊசியைப் பிடித்திருக்கும் தலை) தட்டின்மேல் வைக்கும் மொத்த அழுத்தமே 2 கிராமைச் சுற்றித்தான். ஃபியஸ்டா மாதிரிப் பெட்டிகளின் செராமிக் ஊசி ஏற்கெனவே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தும். அதன் தலையில் நாலணா வேறு. அப்பாவைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு கடையில் போய்த் தட்டு வாங்கலாம். இன்றைக்கு அதே தட்டு அப்படிக் கிடைக்காது. எச்.எம்.வி.யின் பழைய தமிழ்த் தட்டுகள் கல்கத்தா டம்டம் ஆலையில் அடித்தவை. கேசட் வந்தது, அந்தக் காலமே முடிந்துவிட்டது. இப்போது நம் கையில் இருக்கிற ஒவ்வொரு பழைய தட்டும் மிச்சம் மீதி.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், முதல் டர்ன்டேபிள் எது வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் 'சவுண்டு எப்படி இருக்கும்' என்றுதான் தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது உங்கள் தட்டை என்ன செய்யும்? பிளேயர் அடுத்த வருடமும் கடையில் இருக்கும். தட்டு இருக்காது.

நானே இதை மறந்து ஒரு தடவை ஏமாந்தேன். தோல் சூட்கேஸ் மாதிரி, பித்தளைப் பூட்டு வைத்து, உள்ளேயே ஸ்பீக்கர் வைத்து ஒரு பிளேயர் ஆன்லைனில் வருமே, அதேதான். 6,000 ரூபாய்க்குக் கீழே. படத்தில் பக்கத்தில் ஒரு காபி டம்ளர், ஒரு மணி பிளான்ட். பார்த்ததும் விழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், தட்டு சுற்றும் வட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது. 12 அங்குல எல்பி தட்டு நாலு பக்கமும் வெளியே தொங்குகிறது. சிவப்பு பிளாஸ்டிக் முனையோடு செராமிக் ஊசி. அழுத்தத்தைக் கூட்டக் குறைக்க எந்த வழியும் இல்லை. ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் இருப்பதால், சத்தத்தைக் கூட்டினால் பெட்டி அதிரும், அந்த அதிர்வு ஊசிக்குப் போகும், ஊசி அதையும் பாட்டோடு சேர்த்துப் பாடும். தவில் வரும் இடத்தில் தாவியது. என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்க் காசு தேடியது. அன்றைக்கே அதை மூடி வைத்தேன்.

சரி, வேறு என்ன வாங்குவது? என் கையில் அப்போது இருந்தது மொத்தம் 30,000. பிளேயர், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் அதற்குள். பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்கினேன். எல்லாவற்றையும் டர்ன்டேபிளில் கொட்டிவிட்டு, மேசை ஓரத்துக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரப்பர் செருப்பு போட்ட மாதிரி.

நான் எடுத்தது ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ். இதைச் சொன்னால் சில பெரிய மனிதர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எடை குறைவு, பிளாஸ்டிக், கேட்ரிட்ஜை மாற்ற முடியாது, அழுத்தம் ஆலையிலேயே வைத்து அனுப்பியது, நாம் திருக எதுவும் இல்லை. எல்லாம் உண்மை. எனக்கு அதுதான் வசதி என்கிறேன். முதல்முறை வாங்குகிறவர் ஊசிக் கையின் பின்னால் இருக்கும் எடையை, அதாவது கவுன்டர்வெயிட்டைத் தப்பாகத் திருகித் தட்டைக் கெடுக்க வாய்ப்பே இல்லை. பட்டனை அமுக்கினால் ஊசிக் கை தானாகப் போய் இறங்கும், பக்கம் முடிந்தால் தானாக எழுந்து திரும்பும். எங்கள் வீட்டில் பாட்டுக்கு நடுவில் தூங்கிவிடும் வழக்கம் எனக்கு உண்டு. ஊசி கடைசிப் பள்ளத்தில் விடிய விடியச் சுற்றாமல் இருப்பதே பெரிய நிம்மதி. ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் பிடுங்கிப் புதிது மாட்டலாம். சில நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஏடி-எல்பி120எக்ஸ் இருக்கிறது. பெல்ட் இல்லாமல் வட்டை நேராகச் சுற்றும் மோட்டார், திருகி அளவு வைக்கும் எடை, மாற்றக்கூடிய கேட்ரிட்ஜ். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200-இன் சாயல் அதன் முகத்தில் அப்படியே தெரியும். வாங்கினால் கூடவே ஊசி அழுத்தம் பார்க்கும் குட்டித் தராசும் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். கண் மதிப்பில் வைக்காதீர்கள். இன்னொன்று, குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பதும் தப்பு. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தில் நிற்காமல் சுவரில் மோதி மோதிப் போகும், தேய்மானம் அதிலும் உண்டு. கேட்ரிட்ஜ் அட்டையில் போட்டிருக்கும் கிராம் அளவுதான் கணக்கு.

இப்போது எல்லாரும் தடுக்கி விழும் படி. ஃபோனோ.

காந்தக் கேட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் நாலைந்து மில்லிவோல்ட். சிடி பிளேயரோ செல்போனோ கொடுப்பது அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. டர்ன்டேபிளை நேராக ஆம்ப்ளிஃபையரின் (ஆம்ப்) சாதாரண ஆக்ஸ் துளையில் சொருகினால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரித்தான் கேட்கும். அது மட்டும் இல்லை. தட்டு வெட்டும்போதே தாழ்ந்த ஓசையைக் குறைத்தும் உயர்ந்த ஓசையைத் தூக்கியும் வெட்டுவார்கள். குறைக்காவிட்டால் தாள வாத்தியம் வரும்போது பள்ளம் அகலமாக நெளிந்து, ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் பாட்டு அடங்காது. கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இதற்கு ஆர்ஐஏஏ என்று ஒரு பொது அளவு, 1950களின் நடுவிலிருந்து எல்லாரும் அதையே பின்பற்றுகிறார்கள். சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி, இந்தத் திருப்புதலையும் செய்யும் பெட்டிதான் ஃபோனோ பிரீஆம்ப். நான் சொன்ன இரண்டு பிளேயரிலும் அது உள்ளேயே இருக்கிறது, பின்னால் ஒரு சுவிட்ச். பழைய ஆம்ப்பில் 'ஃபோனோ' என்று போட்ட துளை இருந்தால் அதுவும் அதே வேலையைச் செய்யும். இரண்டில் ஒன்றுதான். நான் முதல் நாள் இரண்டையும் போட்டேன். வந்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

ஸ்பீக்கருக்கு, ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஜோடி வாங்கினால் ஒரு செலவு மிச்சம். என்னிடம் இருப்பது எடிஃபையர் ஆர்1280டி, 42 வாட், சின்ன அறைக்கு தாராளம். வீட்டில் பழைய ஸ்டீரியோ செட் தூங்கிக்கொண்டிருந்தால் இதுவும் வேண்டாம், முதலில் அதைத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரையும் பிளேயரையும் ஒரே பலகையில் மட்டும் வைக்காதீர்கள். சூட்கேஸ் செய்த தப்பை நாமே கையால் செய்வது அது. நம் வீட்டு மொசைக் தரை அசையாது, அந்த விஷயத்தில் மரத்தரை நாட்டுக்காரர்களை விட நாம் கொடுத்து வைத்தவர்கள். ஃபேன் தூசுக்குத்தான் மூடி. உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தால், டர்ன்டேபிளில் தனியாகத் தொங்கும் எர்த் ஒயர் இருக்கிறதா, ஆம்ப்பின் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி முனகல் அதிலேயே அடங்கிவிடும்.

செகண்ட் ஹேண்ட் பற்றி ஒரு கதை. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகன் ஒரு பழைய பெல்ட் டிரைவ் கொண்டுவந்தான். அருமையான மரப்பெட்டி. அங்கே 120 வோல்ட், இங்கே 230 என்று தெரியும், அதற்கு சென்னை ரிச்சி தெருவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்திருந்தேன். போட்டால் பாட்டு இழுக்கிறது. பெண் குரலெல்லாம் சளி பிடித்த ஆண் குரல். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 60, இங்கே 50. அந்த மோட்டார் கரண்டின் துடிப்பைப் பார்த்துச் சுற்றும் வகை. நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டியது 28 கூட வரவில்லை. சுருதி கிட்டத்தட்ட ஒன்றரைக் கட்டை இறங்கிவிட்டது. அந்த மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி கிடைத்தால் சரியாகும், எனக்குக் கிடைக்கவில்லை. சிங்கப்பூர், மலேசியா சொந்தம் என்றால் இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 50 தான். டிசி அடாப்டரில் ஓடுவதற்கும் இல்லை.

தட்டில் அழுக்கு என்றால் டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் வட்டமாகத் துடையுங்கள், நடுவில் லேபிள் நனையாமல். நம் ஊர் ஈரத்தில் வரும் வெள்ளைப் பூஞ்சை பெரும்பாலும் இதற்கே போய்விடும். துடைத்த பிறகு படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிற்க வைக்க வேண்டும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில், அக்னி நட்சத்திரத்தில், வேண்டவே வேண்டாம். அப்பளம் ஆகிவிடும்.

எல்பிதான் சிடியை விடத் துல்லியம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். தட்டின் வெளி ஓரத்தில் ஊசி ஒரு நொடிக்கு அரை மீட்டர் ஓடும், உள்ளே லேபிள் பக்கம் வரும்போது அதில் பாதி கூட இல்லை. அதனால்தான் பக்கத்தின் கடைசிப் பாட்டு கொஞ்சம் மங்கும். இது அதன் பிறவிக் குணம். எனக்கு அது தெரிந்தேதான் பிடித்திருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து போய்த் திருப்பிப் போடுகிறேன், நடுவில் பாட்டைத் தள்ள மனம் வரவில்லை. போனில் கேட்ட அன்றெல்லாம் ஒரு பாட்டு முழுதாகக் கேட்ட ஞாபகம் இல்லை.

கடைசியாக, வீட்டில் தட்டே இல்லாமல் பிளேயர் வாங்க நினைப்பவர்களுக்கு: முதலில் பத்துத் தட்டு சேருங்கள். பழையது வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கீறல் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தாற்போல இருக்கும் தட்டு நாலணா வைத்த வீட்டிலிருந்து வந்தது, விட்டுவிடுங்கள்.

எங்கள் பரணில் இன்னொரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தாத்தாவின் தட்டுகள், பாகவதர் பாட்டு நிறைய. அவை வினைல் இல்லை, அரக்குத் தட்டு. கை தவறினால் ஓடு மாதிரி உடையும். பள்ளம் எல்பியைப்போல மூன்று நாலு மடங்கு அகலம், அதற்கு 3 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும். என் பிளேயரில் 78 வேகமே கிடையாது. அம்மா மட்டும் மாதம் ஒரு தடவை கேட்பார், "அதை எப்படா போடப் போற?" ஊசி வாங்கணும்மா, அப்புறம் வேற பிளேயரும் வாங்கணும் என்பேன்.

"ஒரு ஊசிக்கா இத்தனை நாள்? அப்பா இருந்தா காசை வச்சுப் போட்டிருப்பாரு."